இறக்காமல் போன ஷட்டர்

என் வீட்டுக்காரருக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்ததும் தெருவில் எல்லோரும் முதலில் கேட்டது, "குடிப்பாரா?" என்றுதான். கேட்டவர்களில் பாதிப் பேர் வீட்டு ஆம்பிளைகள் ஒயின்ஷாப் வாசலில் கிடப்பவர்கள். இவர் கள்ளைக்கூட மோந்து பார்த்ததில்லை. எந்தக் காலத்திலோ வந்த காமாலைக் கிருமி ரத்தத்திலேயே தங்கி, சத்தமில்லாமல் ஈரலைக் கெடுத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதை வீடுவீடாகப் போய் விளக்கிக்கொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை. கேட்டவர்களுக்கு, "உங்க வீட்டு அளவுக்கு இல்லை" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ரிட்டையர் ஆனவர். சேத்தியாத்தோப்புப் பக்கம் வாய்க்கால் மதகுகளில் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும்தான் லஸ்கர் வேலை. எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் தண்ணீர், எதை எந்த நேரத்தில் அடைக்க வேண்டும் என்று முப்பது வருஷம் அதே நினைப்பாக இருந்தவர். மழை பெய்தால் மற்றவர்கள் குடையைத் தேடுவார்கள், இவர் சைக்கிளைத் தேடுவார். ரிட்டையர் ஆனதும் மகன் வேலை பார்க்கிற கடலூருக்கே வந்து, திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்தோம். தண்டவாளம் மாற்றுகிறோம் என்று ரயிலை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. சிதம்பரம் போவதென்றால் பஸ்தான்.

சிதம்பரத்தில் என் நாத்தனார் இருந்தாள். இவருக்குத் தங்கை, கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் இவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்து, அங்கேயே ஸ்கேன் எடுத்தோம். ஆபரேஷன் பண்ணுகிற டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிவிட்டு, கடலூரிலிருந்து வந்திருந்த என் மகனைப் பார்த்து இங்கிலீஷில் பேசிக்கொண்டே போனார். நானும் இவரும் சுவரோரம் நின்றோம். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன்.

"தமிழ்ல சொல்லுங்க சார். கட்டி இவரு ஈரல்ல இருக்கு, இவன் ஈரல்ல இல்ல" என்றேன்.

மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு நன்றாகவே சொன்னார். கட்டி ஈரலுக்குப் பின்பக்கம், பெரிய ரத்தக்குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. கத்தி அங்கே போகாது. ஊசியைச் செருகிச் சுடுகிற வைத்தியம் ஒன்று உண்டு, அந்த ஊசிக்கும் வழியில்லை. ரத்தக்குழாய்க்குள்ளேயே போய் வைத்தியம் பண்ணுகிற டாக்டர் ஒருவர் மாசம் ஒரு தடவை, இரண்டாம் சனிக்கிழமை, மெட்ராஸிலிருந்து கடலூருக்கு வருகிறார். அவரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கடலூரில் அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இருதய நோயாளிகளுக்கென்று வைத்திருந்த மிஷினில்தான் அவரும் வேலை செய்வார். நாங்கள் முதல் தடவை பார்க்கப் போனபோது சின்ன வயசுக்காரராக இருந்தார். அவசரக்காரர், ஆனால் மரியாதை தெரிந்தவர்.

"ஐயா என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"லஸ்கர் சார். வாய்க்கால் ஷட்டர் ஏத்தி இறக்கறது."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இவர் எதிரில் உட்கார்ந்தார். "அப்ப உங்களுக்கு நான் ஜாஸ்தி சொல்ல வேண்டாம். ஈரலுக்கு ரெண்டு பக்கத்துலேர்ந்து ரத்தம் வருது. ஒண்ணு குடல்லேர்ந்து வர்ற பெரிய வழி. நல்ல ஈரல் முக்கால்வாசி அதுலதான் குடிக்குது. இன்னொண்ணு இருதயத்துலேர்ந்து வர்ற சின்ன குழாய். இந்தக் கட்டி இருக்கே, அது அந்தச் சின்னதுல மட்டும்தான் குடிக்கும்."

"பயிருக்குப் பெரிய வாய்க்கா. களைக்குக் கிளை வாய்க்கா" என்றார் இவர்.

"அதேதான். தொடையில மரக்க ஊசி போட்டு, முடி மாதிரி ஒரு குழாயை விட்டு, டிவியில படத்தைப் பார்த்துக்கிட்டே அந்தக் கிளைக்குள்ள போயிடுவேன். மருந்தை விட்டு அப்படியே அடைச்சிடுவேன்."

"அடைச்சது தொறந்துக்காதா சார்? வண்டல் தள்ளிக்கிட்டுப் போயிடுமே."

"தொறந்துக்கலாம். திரும்ப வந்து அடைக்கணும்."

"கட்டி பூராவும் செத்துடுமா?" என்று நான் கேட்டேன்.

"சுருங்கும்மா. காலம் கிடைக்கும். எவ்வளவுன்னு செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்."

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது இவர் சந்தோஷமாக இருந்தார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வழியெல்லாம், "மதகுக்கே போவாம மதகை அடைக்கிறாம்பாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்த மனுஷன் அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது, பால், டீ, இளநீர் எதுவும் கூடாது, மாத்திரைக்கு மட்டும் ஒரு வாய் தண்ணீர் என்று போட்டிருந்தது. மகனையோ மருமகளையோ கேட்கவில்லை, நானே எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். நாத்தனாருக்கும் போனில் சொன்னேன். "சரி அண்ணி, சரி அண்ணி" என்றாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே போய்ப் படுக்கை வாங்கிவிட்டோம். மகன் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். ஒரு நர்ஸ் பெண் வந்து பச்சைத் துணியைக் கொடுத்துக் கட்டச் சொன்னது. "ஆயா, வயித்துல ஏதாச்சும் இருந்தா, படுத்த வாக்குல வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குப் போயிடும். உயிருக்கே ஆபத்து. ஒண்ணும் குடுக்கலியே?" என்று கேட்டது. ஆயா என்று கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. "படிச்சேம்மா, தாள்ல இருக்கு" என்றேன்.

எட்டு மணிக்கு மருந்துச் சீட்டைக் கொடுத்து, கீழே கடையில் வாங்கி வரச் சொன்னார்கள். அங்கே கூட்டம். நான் திரும்பி மாடிக்கு வருவதற்கு அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. அறைக்குள் காலை வைத்ததும் நெய் வாசனை அடித்தது.

நாத்தனார் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். முந்தின நாள் ஸ்ரீமுஷ்ணம் போய் அண்ணன் பேருக்கு அர்ச்சனை பண்ணி, பிரசாதம் வாங்கி வந்திருக்கிறாள். கோரைக்கிழங்கை இடித்து நெய்யும் சர்க்கரையும் போட்டுப் பிடிக்கிற உருண்டை அது. இவர் மீசையில் தூள் ஒட்டியிருந்தது. அவள் கையில் பால் தம்ளர் காலியாக இருந்தது.

"என்னா பண்ணி வச்சிருக்கே?" என்றேன்.

"பிரசாதம்தானே அண்ணி. ரெண்டே ரெண்டு உருண்டை. தொண்டைய அடைக்குதுன்னு சொன்னுது, ஒரு வாய் பாலு."

"ஒரு வாயா? தம்ளர் காலியா இருக்கே."

"சாமி குடுத்தத வேணாம்னு சொல்லச் சொல்றீங்களா? அதுவும் இன்னிக்கு?"

இவர் குழந்தை மாதிரி மீசையைத் துடைத்துக்கொண்டு, "வயல்ல புடுங்கிப் போடற கோரைதான் போ. அது என்னா பண்ணிடப் போவுது" என்றார்.

அவளைத் திட்ட வாய் வந்தது. அதற்குள் அந்த நர்ஸ் பெண் தாளும் பேனாவுமாக உள்ளே வந்துவிட்டது.

"ஐயா, காலையில எதுவும் சாப்பிடலியே?"

"இல்லம்மா" என்றார் இவர். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பிரசாதம் சாப்பாட்டுக் கணக்கில் வராது. விரதத்தன்று கோயிலில் பொங்கல் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றுவிட்டு, சாயந்தரம் வரைக்கும் பட்டினி என்று சொல்லிக்கொண்டிருப்போம். விரதம் கெட்டதாக யாரும் நினைக்கமாட்டோம்.

நர்ஸ் 'இல்லை' என்று எழுதப் போனது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும் என்று அது சொன்னது என் காதிலேயே நின்றது. மல்லாக்கப் படுத்து இவர் மூச்சுத் திணறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

"சாப்பிட்டாரும்மா. ரெண்டு உருண்டை, ஒரு தம்ளர் பாலு" என்றேன்.

பயத்தில்தான் சொன்னேன். ஆனாலும் அந்த நிமிஷத்தில், நாத்தனார் மாட்டிக்கொள்ளட்டும் என்ற எண்ணம் எனக்குள் துளியும் இல்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் இருந்தது.

நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு குடுத்தது? அத்தினி தரம் சொல்லியும்?"

நாத்தனார் கதவோரம் தம்ளரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். இவர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அந்தப் பார்வை கேட்டது.

"நான்தான் குடுத்தேன்" என்றேன்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கட்டில் பக்கத்தில் நின்றார். "படிச்சேன்னு சொன்னீங்களாமே" என்றார் என்னிடம். அவ்வளவுதான். அதற்குப் பதில் அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். சாப்பிட்டதிலிருந்து ஆறு மணி நேரம் கழிய வேண்டும், அதற்குள் தான் கிளம்பிவிடுவேன், சாயந்தரம் வேறு ஊரில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், அடுத்த மாசம் இவர் பெயர்தான் முதலில் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

மகன் வந்ததும் நர்ஸ் அவனிடம், "உங்கம்மா தெரியாம குடுத்துட்டாங்க" என்றது. அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்களை உடனே அனுப்பவில்லை. ஏதோ தாள் வர வேண்டும் என்று வராந்தா பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். எதிரில் சுவர்க்கடியாரம். எட்டேகால் என்று வைத்துக்கொண்டால் இரண்டேகாலுக்கு ஆறு மணி நேரம் ஆகிறது. டாக்டர் கார் ஒன்றேகாலுக்குக் கிளம்பியது. இரண்டேகாலுக்கு நாங்கள் அதே பெஞ்சில்தான் இருந்தோம். மிஷின் அறைக்கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஒருத்தி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொடையெல்லாம் மழித்து, பச்சைத் துணியைக் கழற்றி வேட்டி கட்டிக்கொண்டு, இவர் என் பக்கத்தில் இருந்தார். எல்லாம் இருந்தது. ஒரு மணி நேரம்தான் இல்லாமல் போனது.

"மழிச்சதுதான் மிச்சம்" என்றார் இவர். நான் சிரிக்கவில்லை.

நாத்தனாரைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த பிறகு வீட்டில் என்னை உட்கார வைத்துப் பேசினார்.

"அவளை ஒண்ணும் கேக்காதே. புருஷன் இல்லாதவ. தான்தான் கெடுத்தோம்னு நெனச்சான்னா செத்துடுவா."

"நான் சாவ மாட்டேனா?"

"நீ சாவ மாட்டே. ஒனக்குத் தெம்பு ஜாஸ்தி." பிறகு, "எனக்கப்புறம் அவளுக்குப் பொறந்த வீடுன்னா நீதான். புள்ளைங்ககிட்டயும் சொல்லாதே" என்றார்.

சரி என்றேன். ஒரு மாசம்தானே, அடைத்துவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்றுதான் சரி என்றேன்.

அந்த ஒரு மாசம் எனக்கு வேறு வேலை இல்லை. தினமும் காலையில் அவர் கண்ணை வெளிச்சத்தில் காட்டச் சொல்லிப் பார்ப்பேன். பதினைந்து நாள் வெள்ளையாகத்தான் இருந்தது. அப்புறம் வயிறு லேசாக உப்பியது. வாயுவாக இருக்கும் என்று ஓமம் வறுத்துப் போட்டேன். கால் வீங்கியது. கடைசி வாரத்தில் கண் ஓரம் மஞ்சள் தட்டியது. அது எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். மருமகளைக் கேட்டேன். "விளக்கு வெளிச்சம் அத்தை" என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை, வாயில் தண்ணீர்கூட ஊற்றாமல் அழைத்துப் போனேன். நாத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்குப் போலவே நாற்காலியை இழுத்துப் போட்டு இவர் எதிரில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா, கட்டி அந்தப் பெரிய வழிக்குள்ள போயிடுச்சு. குடல்லேர்ந்து வருதுன்னு சொன்னேனே, அதை அடைச்சிட்டு நிக்குது."

இவர் படத்தையே பார்த்தார். "அப்ப இப்ப ஈரல் பூராவும் அந்தச் சின்ன வாய்க்காத் தண்ணியிலதான் ஓடுது."

"ஆமா."

"அதையும் நீங்க அடைச்சீங்கன்னா பயிரும் சேந்து போயிடும்."

டாக்டர் தலையை ஆட்டினார்.

"நானா இருந்தாலும் ஷட்டர எறக்க மாட்டேன் சார்" என்றார் இவர். யாரோ ஒருவர் வயலைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார். எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். டாக்டருக்குத்தான் கண் கலங்கியது.

மகன் இவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனான். நான் பின்தங்கி நின்று கேட்டேன். "போன மாசமே செஞ்சிருந்தா பொழச்சிருப்பாரா?"

"சொல்ல முடியாதும்மா. அப்பவே உள்ள ஆரம்பிச்சிருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

அவர் நல்ல மனுஷன், உண்மையைத்தான் சொன்னார். ஆனால் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இன்றைக்கும் பருப்பு வேகக் காத்திருக்கும்போது அது வந்துவிடுகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்கே அடைத்திருப்பார்கள். வாந்தி வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம்.

அதற்கப்புறம் மூன்று மாசம் இருந்தார். அந்த மூன்று மாசத்தில் நாத்தனார் நாலு தடவை வந்தாள். வரும்போதெல்லாம் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அவர் என்னைப் பார்ப்பார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

பதினாறாம் நாள் காரியத்தில், பந்தி முடிந்து பெண்கள் உட்கார்ந்திருந்தபோது, சிதம்பரத்துப் பக்கத்து உறவுக்காரி ஒருத்தி, "நல்லாத்தானே இருந்தாரு, என்னா ஆச்சு?" என்று ஆரம்பித்தாள். நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "டாக்டர் ரெடியா நிக்கிறாரு. அண்ணி பாசத்துல பாலைக் குடுத்துட்டாங்க. என்னா பண்றது, அண்ணன் விதி."

அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கள்ளம் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் சொன்ன 'நான்தான்' என்ற சொல்லை அவள் எடுத்து வைத்துக்கொண்டு, தினமும் நினைத்து நினைத்து நிஜமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டாள். பிரசாதம் அவள் கதையில் இல்லவே இல்லை. தம்ளர் மட்டும் இருந்தது, அதுவும் என் கையில்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வெத்தலை யாருக்கு வேணும்?" என்று கேட்டுவிட்டு எழுந்தேன்.

பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் ஒரு வருஷமும் அவளுக்கு நிறுத்தியதில்லை. அவர் இருந்தபோது என்ன போனதோ அதே போகும். அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, புடவை, ஜோடிக் கரும்பு. அவர் போன மூன்றாம் வருஷம், அந்தப் பெரிய புயல் அடித்த பொங்கலுக்குக் கடலூர்ப் பக்கம் கரும்பெல்லாம் சாய்ந்து மண்ணில் கிடந்தது. கடைத்தெருவில் இருந்ததெல்லாம் கோணல் கரும்பு. மூன்று நாள் அலைந்து, நேராக இருந்த இரண்டைத் தேடி எடுத்து, தோகையோடு கட்டி மகனிடம் கொடுத்தேன். ரயில் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. காலையில் போனவன் மத்தியானம் வந்துவிட்டான்.

சாப்பிட உட்கார்ந்தவன் இலையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, அத்தை ஒண்ணு சொல்லச் சொன்னாங்க" என்றான்.

"என்னாவாம்?"

"அப்பா விஷயத்துல அவங்களுக்கு உன்மேல வருத்தம் ஒண்ணும் இல்லியாம். நீ மனசறிஞ்சு செய்யலியாம். மன்னிச்சிட்டாங்களாம்." சோற்றைப் பிசைந்துகொண்டே, "நானும்தாம்மா" என்றான்.

சோற்றுக் கரண்டி என் கையில் இருந்தது. இலையில் சோறு குறைவாக இருந்தது. போட்டேன். ரசம் ஊற்றினேன். மூன்று வருஷமாக இவன் என்னிடம் கேட்காமல் வைத்திருந்தது இதுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

"கரும்பு ஒடியாம போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டேன்.

"சேந்துச்சு."

"அக்கம்பக்கத்துல பாத்தாங்களா?"

"பாத்தாங்க. இந்த வருஷம் இப்படிக் கரும்பு எங்க கெடைச்சதுன்னு கேட்டாங்க."

"சரி, சாப்பிடு" என்றேன்.